இருபத்து மூன்றாம் பிரதியைக் காணவில்லை

"இந்த அம்மா கீழே யாரைப் பார்க்கிறாங்க, மாமா?"

எட்டு வருஷங்களுக்கு முன்னால், கண் டாக்டர் பாஸ்கரனின் ஐம்பதாவது பிறந்தநாளன்று, அவருடைய தங்கை மகள் பிரீத்தா இப்படிக் கேட்டாள். அவளுக்கு அப்போது ஏழு வயது. லண்டனை ஒட்டிய சட்டனில் இருந்த வீட்டின் வரவேற்பறைச் சுவரில், அவர் சேகரித்த படங்களுக்கு நடுவே, அன்றுதான் ஒரு புதுப் படம் ஏறியிருந்தது. நவஹோ இனத்துப் பெண்ணொருத்தி, வெல்வெட் சட்டையும் கழுத்து நிறைய டர்க்காய்ஸ் என்னும் பச்சைநீலக் கற்களுமாக, பார்வையைத் தாழ்த்தி உட்கார்ந்திருந்தாள். லித்தோகிராப். கல்லில் வரைந்து தாளில் ஒற்றி எடுக்கிற ஓவியம். நூற்றைம்பது தாள் எடுத்ததும் கல்லைத் தேய்த்து அழித்துவிடுவார்கள். ஒவ்வொரு தாளின் அடியிலும் ஓவியர் தம் கையால் பென்சிலில் நம்பர் போட்டுத் தருவார். சின்ன நம்பருக்கு மதிப்பு அதிகம் என்பது சேகரிப்பவர்களின் நம்பிக்கை.

"அவங்க நம்பரைப் பார்க்கிறாங்கம்மா," என்றார் பாஸ்கரன். "நூத்தி அம்பதுல இருபத்து மூணு. சும்மாவா?"

விருந்துக்கு வந்தவர்கள் சிரித்தார்கள். அந்தப் பரிசைக் கொடுத்த அவர் மனைவி கிரிஜா மட்டும், பாயசம் எடுத்து வருவதாகச் சொல்லி உள்ளே போய்விட்டாள்.

கிரிஜா இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. இன்று, ஜூன் மாதத்துச் சனிக்கிழமை மத்தியானம், அதே படத்துக்கு முன்னால் நின்று பாஸ்கரன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். படத்தின் அடியில் 123/150 என்று இருந்தது.

"திருட்டு," என்றார். "என் இருபத்து மூணை எடுத்துக்கிட்டு, கழிசடையா ஒரு நூத்தி இருபத்து மூணை உள்ளே வச்சுத் தந்திருக்கான். என் மனைவி கொடுத்த கடைசிப் பெரிய பரிசு அது. எனக்கு அது வேணும்."

எதிரே உட்கார்ந்திருந்த ஹம்சா தலையசைத்தாள். இன்சூரன்ஸ் கம்பெனியில் பதினைந்து வருஷம் பொய்க் கோரிக்கைகளைப் பிரித்துப் பார்த்துவிட்டு, இப்போது தனியாகத் துப்பறியும் தொழில் செய்கிறவள். கூடவே அவளுடைய உதவியாளன் லதீசன். யாழ்ப்பாணத்தில் பிறந்து, சுவிஸில் வளர்ந்து, லண்டனுக்கு வந்தவன். மூன்று நாட்டிலும் அவனை யாரும் பேசாமல் இருக்கப் பழக்கவில்லை.

"போலீஸ் என்ன சொன்னது, டொக்டர்?"

"கேஸ் நம்பர் ஒண்ணு கொடுத்தாங்க."

"நல்ல சின்ன நம்பரோ?"

பாஸ்கரன் அவனை முறைத்தார். "இவரை வெளியே உட்கார வைக்க முடியுமா?"

"வச்சுப் பார்த்திருக்கேன், டாக்டர். ஜன்னல் வழியாப் பேசுறார்," என்றாள் ஹம்சா. "நடந்ததை வரிசையாச் சொல்லுங்க."

வரிசை எளிமையானது. சுத்தம் செய்யும்போது படத்தின் கண்ணாடி விரிசல் விட்டுவிட்டது. நோர்பரியில் ஞானேஸ்வரன் என்பவரின் பிரேம் கடையில் கொடுத்தார். முதன்முதலில் பிரேம் போட்டதும் அதே கடைதான். கிரிஜா எப்போதும் அங்கேதான் கொடுப்பாள். இரண்டு நாள் கழித்து வாங்கி வந்து வீட்டில் பிரித்தால், நம்பர் வேறு. உடனே திரும்பிப் போய்க் கத்தினார். "நான் களவெடுக்கேல்லை" என்ற ஒரு வார்த்தைக்கு மேல் அந்த மனிதர் பேசவில்லை. அவர் மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள்; "நீ பேசாமல் இரு" என்று அடக்கிவிட்டார்.

"குத்தம் செய்யாதவன் பெண்டாட்டி வாயை எதுக்கு அடைக்கணும்?" என்றார் பாஸ்கரன். "அன்னிக்கே நம்ம கோயில் வாட்ஸ்அப் குரூப்ல போட்டுட்டேன். இருநூத்திப் பதினாலு பேர். கடைப் படத்தோட. இன்னிக்கு ஆறு மணிக்குக் கோயில் கமிட்டிக் கூட்டம். அறுபத்துமூவர் படத்துக்கும் சட்டம் போடுற வேலையை அவன்கிட்டதான் கொடுத்திருக்கோம். இன்னியோட அது ரத்து."

"ரத்தானா அந்தக் கடை?"

"மூடட்டும்."

நாயன்மார் படத்துக்குச் சட்டம் போடுகிறவனின் சோற்றில் மண்ணைப் போடுகிறோமே என்ற எண்ணம் அந்த நேரத்தில் அவருக்கு வரவில்லை. கோபம் வந்தால் கடவுளும் நம் கட்சி என்றே தோன்றும்.

ஹம்சா படத்துக்கு அருகே போனாள். "நம்பர் மட்டும்தான் வேறயா?"

"இதையும் பாருங்க." படத்தின் இடது ஓரத்தைத் தட்டிக் காட்டினார். அந்தப் பெண்ணின் பாவாடையை ஒரு குழந்தையின் கை பிடித்திருந்தது. மணிக்கட்டு வரைதான் தெரிந்தது. அதில் குட்டியாக ஒரு டர்க்காய்ஸ் காப்பு. "என் படத்துல கை கிடையாது. எட்டு வருஷம் தினம் பார்த்த படம். பிறந்தநாள் போட்டோவே இருக்கு."

போட்டோவை எடுத்துக் கொடுத்தார். உண்மைதான். அதில் அந்தப் பெண் தனியாக இருந்தாள். அடியில் 23/150.

லதீசன் போட்டோவைப் பார்த்தான், படத்தைப் பார்த்தான், தன் கைபேசியில் எதையோ தேடிக்கொண்டு காருக்குப் போய்விட்டான்.

கார் கடையை நோக்கிப் புறப்பட்டபோது பாஸ்கரன் பின் இருக்கையில், துணி சுற்றிய படத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மிட்சம் தாண்டியதும் லதீசன் கார் கண்ணாடியில் அவரைப் பார்த்தான்.

"டொக்டர், இந்தப் படத்தின்ர நாப்பதாம் நம்பர் அமெரிக்காவில ஒரு ஏலத்துக்கு வந்திருக்கு. அதில கை இருக்கு. அம்பத்தேழு ஒரு ஓவியக் கலரியில தொங்குது. அதிலயும் கை இருக்கு."

"அப்படின்னா என்னுடையது அபூர்வம். நஷ்டம் இன்னும் பெரிசு."

"ஓம். கண் டொக்டர் சொன்னா நம்பத்தானே வேணும்."

"ஹம்சா, நான் கொடுக்கிற ஃபீஸ்ல இவருக்கும் பங்கு உண்டா?"

"அவர் பேச்சுக்குக் கட்டணம் கிடையாது, டாக்டர்." ஹம்சா பின்பக்கம் திரும்பினாள். "ஒண்ணு கேட்கிறேன். அத்தனை தாளும் ஒரே கல்லில் ஒத்தினதுதானே? கல்லில் கை இருந்தா, நூத்தி அம்பதுலயும் கை இருக்கணும். உங்க வீட்டுத் தாள்ல மட்டும் அது எப்படி விழாமப் போச்சு?"

பாஸ்கரன் படத்தை மடியோடு சேர்த்துப் பிடித்தார். கோபம் கூடியது. "அதைக் கண்டுபிடிக்கத்தானே உங்களைக் கூப்பிட்டேன்?"

"கண்டுபிடிக்கலாம். ஆனா நாம தேட வேண்டியது இருபத்து மூணாம் தாளை இல்ல. ஒரு அட்டையை."

"எந்த அட்டை?"

"மவுண்ட். படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவுல, ஜன்னல் மாதிரி வெட்டி வைப்பாங்களே, அந்த அட்டை. ஜன்னல் எவ்வளவோ, அவ்வளவுதான் காட்சி. பழைய அட்டை கிடைச்சாப் போதும்."

நோர்பரி லண்டன் ரோட்டில், ஒரு மீன்கடைக்கும் சலூனுக்கும் நடுவில் இருந்தது ஞானேஸ்வரனின் கடை. உள்ளே சுவர் முழுக்க வெறும் கொக்கிகள். கல்யாணப் படங்களைச் சட்டம் போடக் கொடுத்தவர்கள் பாதிப் பேர், குரூப்பில் செய்தி பார்த்ததும் திருப்பி எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். மேஜைக்குப் பின்னால் ஞானேஸ்வரனின் மனைவி நகுலேஸ்வரி நின்றாள். பாஸ்கரனைக் கண்டதும் கையிலிருந்த அளவுகோலைக் கீழே வைத்தாள்.

"இண்டைக்கு ஆரைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறியள்? வக்கீலையோ?"

"நான் டிரைவர், அக்கா. சண்டையில எனக்குப் பங்கில்லை," என்றான் லதீசன்.

"அப்ப வெளியில போய்க் காரில இரும். ரெட்டை மஞ்சள் கோட்டில விட்டிருக்கிறீர். ஃபைன் டிக்கெட் அடிக்கப் போறான்."

லதீசன் எட்டிப் பார்த்துவிட்டு ஓடினான். அவன் வண்டியை நகர்த்திவிட்டு வருவதற்குள் ஹம்சா விஷயத்துக்கு வந்திருந்தாள்.

"புது மவுண்ட் வெட்டினது யாரும்மா?"

"நான்தான். இவர் பாரிஸுக்கு ஒரு செத்த வீட்டுக்குப் போயிருந்தவர். கண்ணாடி மட்டும் மாத்துறதெண்டுதான் எடுத்தனான். பழைய அட்டையைத் தூக்கினா, உள்ளுக்க ஒரு பிள்ளையின்ர கை. அதை மறைச்சு வைக்க எனக்கு மனம் வரேல்லை. அகலமா ஒண்டு வெட்டிப் போட்டன். அதுக்குக் காசும் எடுக்கேல்லை. இதைத்தான் அண்டைக்குச் சொல்ல வந்தனான். ஆர் கேட்டது? ஒரு பக்கம் இவர் கத்துறார். மற்றப் பக்கம் என்ர மனுசன் வாயை மூடச் சொல்லுறார்."

"பழைய அட்டை எங்கே?"

"குப்பையில. செவ்வாய்க்கிழமை லொறி கொண்டு போட்டுது."

"கதை," என்றார் பாஸ்கரன். "வசதியா லாரி வந்துடுது."

உள்ளறைத் திரையை விலக்கிக்கொண்டு ஞானேஸ்வரன் வந்தார். அறுபது வயதிருக்கும். மெலிந்த உடம்பு, நெற்றியில் விபூதி, கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி. யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்.

"டொக்டர், படத்தைக் கொண்டு போங்கோ. என்ன நட்டமெண்டு சொல்லுங்கோ. மெல்ல மெல்லக் கட்டிறன். படத்தை மட்டும் ஒருத்தரும் பிரிக்க வேண்டாம்."

"பார்த்தீங்களா?" பாஸ்கரன் ஹம்சாவின் பக்கம் திரும்பினார். "நீ எடுக்கலைன்னா நீ எதுக்குடா கட்டணும்?"

தன்னைவிட மூத்தவரை 'டா' போட்டதும் ஞானேஸ்வரனின் தலை இன்னும் தாழ்ந்தது. நகுலேஸ்வரி மேஜை இழுப்பறையைத் திறந்து கத்தியை எடுத்தாள்.

லதீசன் ஓரடி பின்வாங்கினான். "அக்கா, நான் டிரைவர் எண்டு சொன்னனான்."

அவள் படத்தைக் குப்புறக் கவிழ்த்து, பின்பக்கத்து டேப்பை ஒரே இழுப்பில் கிழித்தாள். "உங்கட வாய்க்கு நீங்கள் பூட்டுப் போட்டுக்கொண்டு இருங்கோ," என்றாள் கணவரிடம். "என்ர கைக்குப் போடேலாது."

"நகுலா, வேண்டாம்."

"இருபத்தாறு வருசம் உங்களோட இந்த மேசையில நிண்டனான். கள்ளன்ர பெண்சாதியாச் சாக மாட்டன்."

ஹம்சா மெதுவாகக் கேட்டாள்: "டாக்டர், உங்க வரவேற்பறைக்கு எந்தப் பக்கத்து வெளிச்சம்?"

"தெற்கு."

"எட்டு வருஷமா?"

"எட்டு வருஷமா. எதுக்கு?"

"அட்டை குப்பைக்குப் போயிடுச்சு. வெயில் எங்கேயும் போகலை. நீங்க கண் டாக்டர். நான் எதுவும் சொல்லப் போறதில்ல. நீங்களே பாருங்க."

புது மவுண்டையும் தூக்கிவிட்டு, தாளை மட்டும் வெள்ளை விளக்கின் கீழ் வைத்தாள் நகுலேஸ்வரி. பாஸ்கரன் வேண்டாவெறுப்பாகக் குனிந்தார்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. தாளின் இடது பக்கத்தில், மேலிருந்து கீழாக, அளவுகோல் வைத்து இழுத்ததுபோல ஒரு கோடு. யாரும் வரைந்த கோடு இல்லை. அதற்கு வலப்புறம் தாள் லேசாகப் பழுத்திருந்தது. இடப்புறம் பால் வெள்ளை. அந்தக் கோடு குழந்தையின் விரல் நுனிகளை ஒட்டி இறங்கி, கீழே வந்து, பென்சில் எண்ணின் நடுவில் விழுந்தது. 1 வெள்ளைப் பக்கம். 23 பழுத்த பக்கம்.

தாயின் கழுத்துக் கற்கள் வெயில் குடித்து வெளிறியிருந்தன. குழந்தையின் காப்பிலிருந்த கல் மட்டும் நேற்றுப் பதித்ததுபோல் பளிச்சென்றிருந்தது. அந்தக் கல் எட்டு வருஷமாக வெளிச்சத்தையே கண்டதில்லை.

அப்போதுதான் அந்தப் பெண்ணின் பார்வை எங்கே போகிறது என்பதையும் அவர் கண்டார். அவள் தன் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதே தாள்தான்," என்றார்.

"இதே தாள்தான்," என்றாள் ஹம்சா. "உங்க சுவரில் இருந்ததும் இதுதான், மடியில் வச்சுக்கிட்டு வந்ததும் இதுதான். இருபத்து மூணாம் தாள் உங்க வீட்டுக்கு வரவேயில்ல, டாக்டர்."

நியாயமாகப் பார்த்தால் அங்கே கோபம் தணிந்திருக்க வேண்டும். ஆனால் கோபத்துக்கு நியாயத்தைவிடத் தன் கௌரவம் முக்கியம். பாஸ்கரன் நிமிர்ந்து ஞானேஸ்வரனின் மீது விரலை நீட்டினார்.

"அப்போ விஷயம் இன்னும் மோசம். முதல் அட்டையை வெட்டினது நீதானே? ஒண்ணை மறைச்சு, நூத்தி இருபத்து மூணை இருபத்து மூணுன்னு என் மனைவி தலையில கட்டியிருக்கே. அவளை ஏமாத்தியிருக்கே."

ஞானேஸ்வரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சொல்லுங்கோவன்," என்றாள் நகுலேஸ்வரி. கத்தியைக் கீழே வைத்தாள். "ஏன் வெட்டினனீங்கள்?"

"அவர் சொல்ல மாட்டார்," என்றாள் ஹம்சா. "படத்தை வித்தவர் இவர் இல்ல. நம்பர் சின்னதானா இவருக்கு ஒரு பென்னியும் லாபமில்ல. இருந்தாலும் கடையே போனாலும் பரவாயில்லைன்னு நிக்கிறார். தனக்காக இல்ல, வேற யாருக்காகவோ. டாக்டர், மத்தப் படங்களையெல்லாம் நடுவுல எப்பவாவது பிரேம் மாத்தினீங்களா?"

"மூணு வருஷம் முன்னாடி. பதினோரு படம். இந்தக் கடையில் இல்ல, வேற இடத்துல."

"இதை ஏன் கொடுக்கலை?"

பாஸ்கரனுக்கு அந்த நாள் நினைவு வந்தது. கிரிஜா கொடுக்க விடவில்லை. 'இது என் கையால கொடுத்தது, இதை மட்டும் யாரும் பிரிக்க வேண்டாம்' என்று படத்துக்கு முன்னால் வந்து நின்றாள். அவர் அதை ஆசை என்று நினைத்திருந்தார்.

சின்ன நம்பர் இல்லாத படத்தை அவர் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. பதினொன்றும் முப்பதுக்கு உட்பட்டவை. கல்லில் முதலில் எடுத்த தாளுக்கும் கடைசியில் எடுத்த தாளுக்கும் பார்வைக்கு எந்த வித்தியாசமும் இல்லை என்று கிரிஜா ஒரு தடவை சொன்னபோது, உனக்கு இதெல்லாம் புரியாது என்று சொல்லிவிட்டார்.

அவர் ஞானேஸ்வரனைப் பார்த்தார். "கிரிஜாவா?"

ஞானேஸ்வரன் மேஜையில் கிடந்த சட்டத்தைத் தொட்டபடி சொன்னார்.

"ஆறு மாசம் தேடினவவாம், டொக்டர். ஊரெல்லாம் மெயில் போட்டு. சின்ன நம்பர் ஒண்டும் கிடைக்கேல்லை. இதைக் கொண்டு வந்து இந்த மேசையில வைச்சு, 'அண்ணா, அந்த ஒண்ணை மட்டும் மறைச்சுத் தாங்க, இல்லாட்டி அவர் இதை மாடிப்படிக்குக் கீழகூட மாட்ட மாட்டார்' எண்டு கேட்டவ. பிள்ளையின்ர கையும் போகுதே எண்டன். அழுதுபோட்டா. கல்யாண நாளுக்கு நானே உண்மையைச் சொல்லிடறேன் எண்டவ. ஒவ்வொரு வருசமும் அதைத்தான் சொன்னவ. பிறகு வருத்தம் வந்து ஆஸ்பத்திரியில விழுந்திட்டா."

கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"ஒருத்தருக்கும் சொல்லுறேல்லை எண்டு வாக்குக் குடுத்தனான். செத்துப்போன மனுசியின்ர தலையில பழியைப் போட்டு என்ர பேரைக் கழுவ ஏலுமே?"

லதீசன் ஒரு முக்காலியை டாக்டரின் பக்கம் தள்ளினான்.

பாஸ்கரன் அதில் உட்கார்ந்தார். மணி ஐந்தேகால். கைபேசியை எடுத்துக் கமிட்டித் தலைவரைக் கூப்பிட்டார். "அந்தத் தீர்மானம் வேண்டாம். படம் மாறலை. நான்தான் சரியாப் பார்க்கலை... ஆமா, நான்தான். அறுபத்துமூவருக்கும் இவர் கையாலதான் சட்டம் ஏறணும்." பிறகு குரூப்பில் அதையே எழுதினார், இருநூற்றுப் பதினாலு பேருக்கும். கிரிஜாவின் பெயரை எங்கும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது எவ்வளவு கனம் என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது. எதிரே நிற்கிற மனிதர் அதைவிடப் பெரிய கனத்தோடு ஒரு வாரம் நின்றிருக்கிறார்.

"ஐயா," என்று ஆரம்பித்தார்.

"மன்னிப்பெல்லாம் பிறகு பாப்பம்," என்றாள் நகுலேஸ்வரி. அவள் மனம் இறங்கவில்லை. இறங்க வேண்டிய அவசியமும் இல்லை. "நாங்கள் கடை பூட்டப் போறம். அந்தக் கையை மறைக்கிறதோ, விடுறதோ? அதைச் சொல்லுங்கோ."

"மறைக்க வேண்டாம். உங்க அட்டையே இருக்கட்டும்."

எல்லோரும் வெளியே வந்தார்கள். நகுலேஸ்வரி இரும்பு ஷட்டரை இழுத்தாள். அது கடகடவென்று இறங்கியது. இறங்க இறங்க, அதன் மேல் சிவப்புப் பெயிண்டில் ஆளுயரத்துக்கு ஒவ்வொரு எழுத்தாகத் தெரிந்தது. கள்ளன்.

"பகலில சுருட்டிக் கிடக்கும். பூட்டேக்கதான் தெரியும்," என்றாள் பூட்டைத் திருகிக்கொண்டே. "திங்கக்கிழமை காலமை வந்து பாக்க எழுதிக் கிடந்தது. எங்கட ஆக்கள்தான். தமிழில எல்லோ எழுதியிருக்கு."

ஞானேஸ்வரன் அதைப் பார்க்காமல் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார். காரில் சட்டன் வரும்வரை லதீசன்கூட ரேடியோ போடவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விடிகாலை ஐந்து மணிக்கே ஜூன் மாத வெளிச்சம் லண்டன் ரோட்டில் பரவியிருந்தது. மீன்கடை பூட்டிக் கிடந்தது. ஆளில்லாத பஸ் ஒன்று போனது. பாஸ்கரன் வாளியையும் கம்பிப் பிரஷையும் பெயிண்ட் டப்பாவையும் ஷட்டருக்கு முன்னால் வைத்து, சட்டைக் கையை மடித்துக்கொண்டார்.

எழுதியது அவர் கை இல்லை. எழுத வைத்தது அவர் கைதான்.

பெயிண்டைக் கரைக்கும் தின்னரை ஊற்றித் தேய்த்தார். முதல் எழுத்து கரைவதற்கே அரைமணி நேரம் ஆனது. கண்ணுக்குள் ஊசி முனையால் வேலை செய்து பழகிய விரல்கள், இரும்பின் மடிப்பு மடிப்பாகச் சிவப்பைத் தேடித் தேடித் துடைத்தன. தோள் வலித்தது. உட்காரவில்லை. தேய்த்து முடிந்ததும் சாம்பல் பெயிண்டை எடுத்தார். முதல் பூச்சில் எழுத்தின் நிழல் இன்னும் தெரிந்தது. காயும்வரை காத்திருந்து இரண்டாவது பூச்சும் பூசினார். பிறகு சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்று, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை நிதானமாகப் பார்த்தார். ஒரு புள்ளிச் சிவப்புகூட இல்லை.

சலூன்காரர் வருவதற்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. பாஸ்கரன் தரையில் சிந்தியிருந்த துளிகளையும் துணியால் துடைத்தார். வாளியை எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தார்.